மடத்துவெளியில் பதினைந்தாவது கிலோமீற்றர்

தம்பியின் மகள் போன மாதம் புது மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கி, யாழ்ப்பாணத்திலிருந்து ஊர்காவற்றுறை வரைக்கும் தானே ஓட்டிக்கொண்டு வந்து எங்கள் முற்றத்தில் நிறுத்தினாள். எஞ்சினை நிறுத்திய பிறகும் அது டிக் டிக் என்று ஆறிக்கொண்டிருந்தது. கூடவே அந்த மணம். புதுச் சைலன்சரில் கிடந்த எண்ணெயும் பெயின்றும் முதற்சூட்டில் கருகுகிற மணம். கையிலிருந்த தேத்தண்ணியை மதிலில் வைத்துவிட்டுக் குனிந்து மூச்சை நன்றாக இழுத்தேன். எழுபது வயதுக்காரன் சைலன்சரை மோந்து பார்ப்பது அழகான காட்சியாக இருந்திருக்காது.

"பெரியப்பா, சுடும்," என்றாள்.

முதல் ஐந்நூறு கிலோமீற்றருக்கு என்ன வேகத்தில் போகச் சொன்னார்கள் என்று விசாரித்தேன். அப்படி ஒன்றும் சொல்லவில்லையாம். இப்போது வருகிற எஞ்சின்களைப் பழக்கத் தேவையில்லையாம், எடுத்த நாளே விரும்பினபடி ஓடலாமாம் என்று கடைக்காரப் பொடியன் சொல்லி அனுப்பியிருக்கிறான். அதோடு வந்த கைநூலைத் தேடினேன். அது இன்னும் பொலித்தீன் உறைக்குள்ளேயே இருந்தது. உறையைக் கிழித்துப் பார்த்தால், எஞ்சின் பழக்குவதைப் பற்றி அரைப்பக்கம் இருக்கத்தான் செய்தது. கடைக்காரனும் வாசிக்கவில்லை, வாங்கினவளும் வாசிக்கவில்லை. நாற்பதைத் தாண்டாதே என்று சொன்னேன். நாற்பதில் போனால் மீன்காரரின் சைக்கிள் தன்னை முந்திவிடும் என்று சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

என்னை ஒருமுறை மீன்காரரின் சைக்கிள் முந்தியிருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஊர்காவற்றுறையில் அரசாங்கக் கந்தோரில் இலிகிதர், நாள் முழுக்க விண்ணப்பமும் கோப்பும் எழுதுகிற வேலை. மோட்டார் சைக்கிளுக்கு விண்ணப்பித்து, விண்ணப்பம் போன இடமெல்லாம் பின்னால் போய், கடைசியில் ஒருநாள் யாழ்ப்பாணக் கடையில் அதன் சாவியைக் கையில் வாங்கினேன். சிவப்பு நிறம். ஜப்பானில் செய்தது. பெற்றோல் தாங்கியில் என் முகம் தெரிந்தது. அந்த முகத்தில் இருந்த சிரிப்பை நான் பிறகு என் கலியாணப் படத்தில்கூடக் காணவில்லை. பண்ணைப் பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் கடல், நடுவில் நூல் பிடித்த மாதிரி வீதி, முழங்காலுக்கிடையில் உயிருள்ள ஒரு பொருள் உறுமுகிறது. பாட வேண்டும் போல இருந்தது. பாடினேன். ஆனால் நாற்பதில்தான் போனேன். பெட்டி நிறைய மீனோடு ஒருவர் சைக்கிளில் பின்காற்றை வாங்கிக்கொண்டு என்னைத் தாண்டினார். தாண்டும்போது திரும்பி என் எஞ்சினைப் பார்த்தார். ஏதாவது பழுதோ என்று கேட்காமல் விட்டது அவருடைய நல்ல குணம். மண்கும்பானில் காற்று வீதிக்குக் குறுக்கே மணலைக் கொட்டி வைத்திருந்தது. அதில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போனேன். முதல் நாளே மணலுக்குள் எஞ்சினை முக்க விட எனக்கு மனம் வரவில்லை.

எஞ்சின் பழக்குவது என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். புது எஞ்சினுக்குள் பிஸ்டனின் வளையமும் அது ஓடுகிற உருளையின் சுவரும் ஒன்றையொன்று அறியாதவை. இரண்டிலும் கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு உண்டு. மெல்ல மெல்ல உரசி அவை ஒன்றுக்கொன்று இசைந்துபோக வேண்டும். முதலிலேயே முறுக்கினால் சூடேறி இறுகிப்போகும் என்பது அந்தக்காலத்துப் பயம். கைநூலில் ஓர் அட்டவணை இருந்தது. ஐந்நூறு கிலோமீற்றர் வரை நாற்பது, ஆயிரம் வரை அறுபது, பாரம் ஏற்றக்கூடாது. அதை நான் ஒரு மட்டையில் அழகாகப் பிரதி பண்ணித் தாங்கியின் மேல் ஒட்டினேன். அட்டவணைக்குக் கீழே சின்ன ஆங்கில எழுத்தில் ஒரு குறிப்பும் இருந்தது. அதைப் பிரதி பண்ணவில்லை. வாசிக்கவே இல்லை என்பதுதான் உண்மை. அடிக்குறிப்பை வாசிக்காமல் விண்ணப்பம் கொண்டுவந்தவர்களை எத்தனை தரம் திருப்பி அனுப்பியிருப்பேன்.

பாரம் ஏற்றக்கூடாது என்ற விதியால் நான் பின்னால் ஒருவரையும் ஏற்றவில்லை. பிரதம இலிகிதர் ஒருநாள் வேட்டியை மடித்துக்கொண்டு ஏறவே வந்துவிட்டார். மட்டையைக் காட்டினேன். அதன் பிறகு மூன்று மாதம் என்னுடைய லீவு விண்ணப்பங்கள் அவருடைய மேசையில் ஆறுதலாக, அவசரமில்லாமல் கிடந்தன.

மரியதாஸ் மட்டும் ஏறக் கேட்கவில்லை. அவன் என்னோடு படித்தவன், ஊர்காவற்றுறைக் கரையில் கடற்றொழில். அவனும் அந்த மாதம்தான் வள்ளத்துக்குப் புது எஞ்சின் எடுத்திருந்தான். ஒரு பெரிய பீப்பாய்க்குள் தண்ணீர் நிரப்பி, அதன் விளிம்பில் எஞ்சினைப் பூட்டி, வீட்டு முற்றத்திலேயே ஓட்டினான். சத்தத்தில் கோழிகள் எல்லாம் வேலி பாய்ந்து ஓடிவிட்டன. கூட்டியும் குறைத்தும், கூட்டியும் குறைத்தும், அதோடு ஏதோ வாக்குவாதப்படுகிற மாதிரி ஓட்டுவான். என்னுடைய மட்டையை வாசித்துவிட்டுச் சொன்னான்:

"ஐசே, நீர் எஞ்சினுக்குக் கந்தோர்ச் சுற்றுநிருபம் வாசிக்கிறீர். ஒரே ஓட்டத்தைப் பழக்கினா அது அந்த ஓட்டத்தைத்தான் ஓடும்."

படித்தவனுக்கு வருகிற பொறுமையோடு அவனைப் பார்த்துச் சிரித்தேன்.

இனித்தான் தீவுக்காரனின் பிரச்சினை. ஆயிரம் கிலோமீற்றரை எங்கே ஓடுவது? எங்கள் வீதிகள் எந்தப் பக்கம் போனாலும் கொஞ்ச நேரத்தில் கடலில் முடிந்துவிடும். கணக்குப் போட்டேன். கந்தோருக்கு முன்னர், காலைக் குளிரில், காற்று எழும்புமுன் போய்வருவது எஞ்சினுக்கு நல்லது. வேலணையால் போய், பாலம் தாண்டிப் புங்குடுதீவில் ஏறி, மடத்துவெளியில் ஓர் இடத்தில் சரியாகப் பதினைந்து கிலோமீற்றர் வருகிறது. அதில் திரும்பினால் போகவர முப்பது. ஆறு மணிக்கு வெளிக்கிட்டால் ஆறு இருபத்துமூன்றுக்கு அந்த இடம். ஞாயிற்றுக்கிழமை எஞ்சினுக்கு ஓய்வு. அதற்கும் மரியதாஸ், எஞ்சினும் தங்கள் வேதத்துக்கு மாறிச் சேர்ச்சுக்குப் போகிறதோ என்று கேட்டான்.

அந்தக் காலைகளை நினைத்தால் இப்போதும் கைக்குள் அதிர்வு வருகிறது. பாலத்தில் வெயில் ஏறாத வெளிச்சம், இரண்டு பக்கமும் ஆழமில்லாத தண்ணீரில் வலைத்தடிகள், ஒற்றைக்காலில் நிற்கும் கொக்குகள். நாற்பதில் போகிறவனுக்கு எல்லாம் தெரியும். முள் நாற்பதில் நிற்கும், நடுங்காமல். அப்படி நிற்க வைப்பதில் எனக்கு ஒரு பெருமை. பதினைந்து நெருங்கியதும் வேகத்தைக் குறைத்துக் குனிந்து மீற்றரைப் பார்ப்பேன். கடைசி எண் உருண்டு வந்து நேராக நிற்கும். தலையை நிமிர்த்தி, முன்னால் பின்னால் பார்த்து, அரைவட்டம் அடித்துத் திரும்புவேன்.

அந்த இடத்தில் வேலிக்கு நடுவே திறந்து மூடுகிற ஒரு படலை இருந்தது. படலைக்குப் பின்னால் ஒரு கல்வீடு. அதில் யார் இருக்கிறார்கள் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. எனக்கு அது பதினைந்து.

மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை. நாலாம் நாள் படலைக்கு முன்னால் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தது. ஒரு பெரியவர் நின்றார். நாகமணியர் என்று பிறகு தெரிந்துகொண்டேன், தோட்டமும் வயலும் உள்ள மனிதர். மரியாதைக்குத் தலையை ஆட்டினேன். அவரும் ஆட்டினார். அடுத்த நாளும் நின்றார். அதற்கு அடுத்த நாள் சால்வை போட்டுக்கொண்டு நின்றார். காலை ஆறு இருபத்துமூன்றுக்குச் சால்வை போட்டு நிற்கிற மனிதரைப் பற்றி எனக்கு ஒரு கேள்வியும் எழவில்லை. கோவிலுக்குப் போகிறாராக்கும் என்று எண்ணினேன். பன்னிரண்டாம் நாள், அது சனிக்கிழமை, படலையில் அவர் இல்லை. ஓர் இளம்பெண் வீதி நடுவில் நின்றாள். நிறுத்தாமல் போக ஏலாத இடத்தில் நின்றாள்.

"ஏன் இதில திரும்புறியள்?"

பதினைந்து கிலோமீற்றர் இதில்தான் முடிகிறது என்றேன். மீற்றரைக் காட்டினேன். மட்டையையும் காட்டினேன். அவள் மட்டையை முழுக்க வாசித்தாள். வாசித்த முகத்தில் கோபம் போய் வேறு ஏதோ வந்தது. பைத்தியக்காரனைக் கண்டவர்களின் முகம் அப்படித்தான் இருக்கும்.

"இன்னும் நூறு யார் தூரம் தள்ளித் திரும்பியிருந்தா உங்கட எஞ்சினுக்கு என்ன வந்திருக்கும்? நீங்கள் தினம் வந்து திரும்புறதாலதான் என்ர நியமனக் கடிதம் அப்பாவின்ர அலுமாரிக்குள்ள கிடக்கு."

பிறகு எல்லாம் சொன்னாள். பெயர் பவளராணி. நெடுந்தீவில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியை நியமனம் வந்திருக்கிறது. திங்கட்கிழமை கடமையேற்கக் கடைசி நாள். ஆனால் அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிற ஒரு பொடியன் நாள் தவறாமல் ஒரே நேரத்தில் வந்து, படலைக்கு முன்னால் வேகத்தைக் குறைத்து, நாணத்தோடு குனிந்து, நிமிர்ந்து வீட்டைப் பார்த்து, தகப்பனுக்குத் தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போகிறான். இதற்கு எங்கள் தீவுகளில் ஒரே ஓர் அர்த்தம்தான் உண்டு. மாப்பிள்ளை படலைக்கு வருகிறபோது பெண்ணைக் கடல்கடந்து அனுப்புவார்களா? நாகமணியர் கடிதத்தை வாங்கிப் பூட்டிவிட்டுத் தரகரை அனுப்பியிருக்கிறார். தரகர் என் அம்மாவிடம் போய் என் சாதகத்தை வாங்கிக்கொண்டும் வந்துவிட்டார்.

இனிமேல் வராமல் விடுகிறேன் என்றேன்.

"வராமல் விட்டா, பாத்திட்டு வேண்டாமெண்டு போட்டான் எண்டு சொல்லுவினம். வந்தா, நான் போக ஏலாது. நீங்கள் படிச்ச ஆள்தானே, ஒரு வழி சொல்லுங்கோ."

எனக்குத் தெரிந்தது நடைமுறை. அதைச் சொன்னேன். கடிதத்தின் பிரதி பள்ளிக்கூட அதிபருக்கு நேரே போயிருக்கும், மூலப்பிரதி இல்லாவிட்டாலும் அடையாள அட்டையோடு போய்க் கடமையேற்கலாம், ஆனால் திங்கட்கிழமை தவறினால் நியமனத்தை ஏற்க மறுத்ததாகக் கொள்ளப்படும். அடையாள அட்டையும் அதே அலுமாரிக்குள்தான் என்றாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவைக் கேட்டேன். "ஓம், குடுத்தனான். பொருத்தம் உத்தமமாம்," என்றார். அவருடைய முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைக் கண்டு பல வருடங்கள் ஆகியிருந்தன. உங்களிடம் மறைப்பானேன், அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எனக்கும் ஒரு சபலம் இருந்தது. வீதி நடுவில் நின்று என்னை மறித்தவளை நினைக்கக் கசக்கவில்லை. நான் ஒன்றுமே செய்யத் தேவையில்லை. திங்கட்கிழமை தானாகக் கடந்துவிடும். கந்தோரில் எத்தனையோ விண்ணப்பங்கள் அப்படித்தான் தீர்கின்றன.

திங்கள் காலை ஆறு இருபத்துமூன்றுக்கு அந்தப் படலையில் முதன்முறையாக எஞ்சினை நிறுத்தினேன். நாகமணியர் சால்வையோடு நின்றார். வரும் என்று நினைத்தது வந்துவிட்டது என்ற மலர்ச்சியோடு உள்ளே வரச் சொன்னார். நான் உள்ளே போகவில்லை. அங்கேயே நின்று சொன்னேன்: உங்கள் மகளைப் பார்க்க வரவில்லை, எஞ்சின் பழக்க வந்தேன். மட்டை, மீற்றர், பதினைந்து, எல்லாம் சொன்னேன். என் குரல் எனக்கே கேவலமாகக் கேட்டது. அவர் குனிந்து மீற்றரைப் பார்த்தார். பிறகு சால்வையை எடுத்து நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்தார்.

"அப்ப ஒன்பது நாளா நான் உமக்கு மைல்கட்டையா நிண்டிருக்கிறன்."

இனி ஊருக்கு என்ன சொல்வது என்று கேட்டார். அதற்கு மட்டும் வழி நான் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன்.

"நீங்கள்தான் என்னை வேண்டாமெண்டு சொன்னதெண்டு சொல்லுங்கோ. மகளுக்கு உத்தியோகம் வந்திட்டுது, இந்தச் சம்பந்தம் தேவையில்லையெண்டு."

அவர் என்னை முதல்முறையாக நேராகப் பார்த்தார். பிறகு உள்ளே போனார். அலுமாரி திறக்கிற சத்தம் வீதி வரைக்கும் கேட்டது. அதற்குப் பிறகு ஒரே பரபரப்பு. பெட்டி கட்டுகிறார்கள், சீப்பைத் தேடுகிறார்கள், தாய் ஒரு பக்கம் அழுகிறார். குறிகட்டுவான் துறையிலிருந்து நெடுந்தீவுக்குப் போகிற படகு, லோஞ்ச், ஏழு மணிக்கு. நேரம் ஆறு நாற்பத்தைந்து. பஸ் எங்களைத் தாண்டிப் போய்விட்டது. நாகமணியர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். பெட்டியோடு ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு, எதிரே சோளகக் காற்று, ஆறு கிலோமீற்றர். எப்படிப் பார்த்தாலும் ஏழு இருபது ஆகும். அவளை நான் ஏற்றிக்கொண்டு போவதாகப் பேச்சே இல்லை. அப்படிப் போயிருந்தால் பகல் உணவுக்குள் கலியாணத்துக்கு நாள் வைத்திருப்பார்கள்.

"லோஞ்சை நான் மறிக்கிறன், நீங்கள் வாங்கோ," என்றேன்.

மீற்றர் நானூற்றைந்து காட்டியது. மட்டை நாற்பது என்றது. நான் முறுக்கினேன்.

ஐம்பதில் எஞ்சின் முனகியது. இதுவரை இங்கே வந்ததில்லையே என்பது மாதிரி. ஐம்பத்தைந்தில் கைபிடி நடுங்கிப் பல்லெல்லாம் அதிர்ந்தது. பன்னிரண்டு நாள் ஒரே வேகத்தில் ஓட்டிப் பழக்கிய மாடு முதல்முறை கயிற்றை அறுக்கிறது. விட்டுவிடலாமா என்று நினைத்தபோது அறுபதைத் தாண்டியது. நடுக்கம் சட்டென்று நின்றது. அடியில் இருந்து வேறு ஒரு குரல் வந்தது, வட்டமான, நிறைந்த குரல். எழுபது. ஓர் ஆட்டுக்கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. கண்ணில் நீர் ஓடுகிறது, சேட்டு முதுகில் பலூனாக நிற்கிறது, பனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வேலியாகப் பின்னால் ஓடுகின்றன. எண்பது. நான் கத்திக்கொண்டிருந்தேன் என்பது துறைமுகத்துக்குப் போய் வாயை மூடிய பிறகுதான் தெரிந்தது.

கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். ஏறிக் குதித்து, நான் இன்ன கந்தோர் என்று சொல்லி, பயணிகளை எண்ணத் தொடங்கினேன்.

"கந்தோர் எட்டுக்கெல்லோ திறக்கிறது?" என்றார் லோஞ்சுக்காரர்.

இது திடீர்ச் சோதனை என்றேன். பயணிகளை இரண்டு தரம் எண்ணினேன். மிதவை வளையங்களைத் தட்டிப் பார்த்தேன். முகப்பில் எழுதிய இலக்கம் மங்கியிருப்பதைப் பற்றி, அது எந்த அளவில் எழுதப்பட வேண்டும் என்பதைப் பற்றி ஒரு விளக்கம் சொன்னேன். உரிமப்பத்திரத்தை வாங்கிப் பின்பக்கத்து அடிக்குறிப்பையும் சத்தமாக வாசித்தேன். இரண்டு கோழிகளை மடியில் வைத்திருந்த ஓர் அம்மா, கோழிக்கும் பெயர் பதியவேணுமோ தம்பி என்று கேட்டார்.

ஏழு இருபத்தைந்துக்கு நாகமணியர் வேர்த்து ஒழுக மிதித்துக்கொண்டு வந்தார். பின்னால் கரியரில் பவளராணி, மடியில் பெட்டி. அவர் சைக்கிளை நிறுத்தி, மூச்சு வாங்கி, சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, லோஞ்சில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"தம்பி, குறை நினைக்கக்கூடாது. மகள் உத்தியோகத்துக்குப் போறா. உம்மட சம்பந்தம் எங்களுக்குச் சரிவராது."

நான் சொல்லிக்கொடுத்ததுதான். ஆனால் அவர் அதை அனுபவித்துச் சொன்னார். லோஞ்சில் இருந்த தலைகள் எல்லாம் என் பக்கம் திரும்பின. அவ்வளவு நேரமும் நான் ஏன் லோஞ்சை மறித்தேன் என்பது அவர்களுக்கு அந்தக் கணத்தில் விளங்கிவிட்டது. கோழி அம்மா உச்சுக்கொட்டினார். லோஞ்சுக்காரர் என் கையிலிருந்த உரிமப்பத்திரத்தை மெல்ல வாங்கிக்கொண்டு முதுகில் தட்டினார். "விடும் தம்பி," என்றார்.

பவளராணி பலகையில் கால் வைத்தவள் நின்று கேட்டாள். "எவ்வளவில வந்தனீங்கள்?"

"எண்பது."

"அப்ப பழகியிருக்கும்," என்றாள். லோஞ்ச் போய்விட்டது.

ஐந்நூறில் எண்ணெய் மாற்றும்போது மரியதாஸ் பக்கத்தில் நின்றான். வடிந்த எண்ணெயில் நுண்ணிய இரும்புத்தூள், மீன்செதில் போல மினுங்கியது. அவன் விரலில் தொட்டு வெயிலில் பிடித்து, எஞ்சின் இப்போதுதான் கடல் கண்டிருக்கிறது என்றான். கைநூலை அன்றுதான் கடைசி வரை வாசித்தேன். அட்டவணைக்குக் கீழே இருந்த குறிப்பு இதுதான்: ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்ட வேண்டாம், வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டவும். மரியதாஸுக்கு அதை மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. சில விஷயங்கள் மறைவாகவே இருப்பது அரசாங்கத்துக்கு நல்லது.

நாகமணியர் வேண்டாமென்று சொன்ன மாப்பிள்ளை என்ற பெயர் தீவெல்லாம் பரவியது. எனக்குப் பெண் அமைய மூன்று வருடம் பிந்தியது. அம்மா அந்த மூன்று வருடமும் மோட்டார் சைக்கிளைப் பார்க்கிற பார்வையில் அதற்குத் துரு பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. யுத்தத்துக்குப் பயந்து எல்லோரும் தீவை விட்டு வெளிக்கிட்ட நாள் வரைக்கும் அது ஓடியது. அன்று அதைக் கொண்டுபோக வழி இருக்கவில்லை. பவளராணியை ஒரேயொரு முறை கண்டேன். அதிபராகி, ஏதோ கையொப்பத்துக்காக என் கந்தோருக்கு வந்திருந்தார். இன்னும் நாற்பதில்தானோ என்று கேட்டார். பிறகு பிள்ளைகளோடு கனடாவுக்குப் போய்விட்டதாகக் கேள்வி.

நேற்றுக் காலை தம்பியின் மகளிடம் சாவியை வாங்கினேன். ஆறு மணிக்கு வெளிக்கிட்டேன். வேகத்தை மாற்றி மாற்றித்தான் ஓட்டினேன், இந்த முறை அடிக்குறிப்பின்படி. பாலத்தில் வலைத்தடிகள் அப்படியே நின்றன. கொக்குகளும் நின்றன. மடத்துவெளியில் கடைசி எண் உருளவில்லை. கண்ணாடிக்குள் பதினான்கு மறைந்து பதினைந்து எரிந்தது.

படலை இல்லை. இரண்டு தூண்கள் மட்டும். கூரையில்லாத கல்வீட்டுக்குள்ளிருந்து ஒரு வேம்பு வெளியே எட்டிப் பார்த்தது. வேகத்தைக் குறைத்தேன். குனிந்து மீற்றரைப் பார்த்தேன், நிமிர்ந்து வீட்டைப் பார்த்தேன், சால்வை நின்ற இடத்துக்குத் தலையை ஆட்டினேன். அரைவட்டம் அடித்துத் திரும்பினேன். போதாதென்று மீண்டும் ஒருமுறை வந்து திரும்பினேன். இரண்டு பக்கமும் அதே மாதிரியான வீடுகள், அதே மாதிரியான தூண்கள். ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. பன்னிரண்டு நாள் என்ன, பன்னிரண்டு வருடம் நாள் தவறாமல் அதில் வந்து திரும்பினாலும், என் சாதகத்தை இனி ஒருவரும் கேட்கப் போவதில்லை.